கைபேசியும் கவனமும்

ரெயில் புறப்படும் நேரத்தைத் தெரிந்துகொள்வதற்காக ஒருவர் மாலையில் தம் கைபேசியைக் கையில் எடுக்கிறார். திரையில் ஒரு சிவப்பு வட்டத்துக்குள் ஓர் எண் தெரிகிறது. யாரோ எதையோ அனுப்பியிருக்கிறார்கள் என்று எண்ணி அதைத் தொடுகிறார். அங்கிருந்து ஒரு படம், படத்திலிருந்து ஒரு பாட்டு, பாட்டிலிருந்து ஊர் பேர் தெரியாத ஒருவரின் சமையற் குறிப்பு என்று அரை மணி நேரம் கழிகிறது. கைபேசியைக் கீழே வைத்த பிறகே, ரெயிலின் நேரத்தைப் பார்க்கவில்லை என்பது அவருக்கு நினைவு வருகிறது. நேயர்களில் பலர் இக்காட்சியில் தம்மையே காணக்கூடும். இவ்வுரையை எழுதுபவனும் அதற்கு விலக்கானவன் அல்லன்.

இத்தகைய வேளைகளில் நாம் நம்மையே நொந்துகொள்கிறோம். மனவுறுதி போதவில்லை என்கிறோம். பிள்ளைகளாயின் அவர்களைக் கடிந்துகொள்கிறோம். அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆயினும், எண்ணெய் தடவிய படியில் வழுக்கி விழுந்தவனைப் பார்த்து, நடக்கத் தெரியாதவன் என்று சொல்லிவிட்டுப் போவது முழு நியாயம் ஆகாது. படியைக் கட்டியவர் யார், எண்ணெய் தடவியவர் யார் என்றும் கேட்கவேண்டும் அல்லவா?

நாம் பயன்படுத்தும் செயலிகளிற் பல நமக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை நடத்தும் நிறுவனங்களுக்கு வருவாய் விளம்பரத்திலிருந்து வருகிறது. விளம்பரம் செய்வோர் விலை கொடுத்து வாங்குவது நம் பார்வையை. எவ்வளவு நேரம் நாம் திரையை நோக்கியிருக்கிறோமோ அவ்வளவுக்கு அவர்களுக்கு ஆதாயம். செய்தி பெருகப் பெருக அதை உட்கொள்ளும் கவனம் அருகிப்போகும் என்று அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1971-ஆம் ஆண்டிலேயே எழுதினார். கைபேசி கடைக்கு வருவதற்கு முன் சொல்லப்பட்ட கருத்து இது. அருகிப்போகும் பொருளுக்குப் போட்டி ஏற்படுவது இயல்பே.

அப்போட்டியில் கையாளப்படும் உத்திகள் சிலவற்றின் வேர் உளவியல் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. பி. எஃப். ஸ்கின்னர் என்னும் உளவியல் அறிஞர் புறாக்களைக் கொண்டு செய்த சோதனைகளைத் தம் துணைவர் ஒருவருடன் சேர்ந்து 1957-இல் நூலாக வெளியிட்டார். புறா ஒரு வட்டைக் கொத்தினால் தானியம் கிடைக்கும். எத்தனை கொத்துக்குத் தானியம் என்பது நிச்சயமில்லாமல் மாறி மாறி வரும்படி அமைத்தபோது, அது ஓயாமல் கொத்திக்கொண்டே இருந்தது. காசு போட்டு இழுக்கும் சூதாட்டப் பொறியின் மர்மமும் இதுவே. லோரன் பிரிக்டர் என்பவர் அமைத்த ஒரு செயலியில், திரையை விரலால் கீழ்நோக்கி இழுத்துவிட்டால் புதிய செய்திகள் வரும்படி செய்தார். வரலாம், வராமலும் இருக்கலாம். புறாவின் நிலைக்கும் நம் நிலைக்கும் வேற்றுமை அதிகமில்லை.

இதைவிட வலியது முடிவற்ற பக்கம். ஒரு பக்கம் முடிந்ததும் அடுத்த பக்கத்தைக் கேட்டு வாங்கவேண்டிய சிரமம் வாசகனுக்கு எதற்கு என்று நினைத்து, 2006-இல் ஏஸா ராஸ்கின் என்னும் வடிவமைப்பாளர் தானாகவே பக்கம் நீண்டுகொண்டே போகும் முறையை உருவாக்கினார். நல்லெண்ணத்தோடுதான் செய்தார். பின்னாளில் அதன் விளைவைக் கண்டு வெளிப்படையாக வருந்தினார். நாளிதழுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. நூலுக்கு அத்தியாய முடிவு உண்டு. வானொலி நிலையங்கள் இரவில் வணக்கம் கூறி ஓய்ந்துவிடும் காலத்தை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். அந்த மௌனம் வந்ததும் வீட்டில் விளக்கு அணைந்தது. 'போதுமா, இன்னும் வேண்டுமா?' என்று மனம் தன்னைத் தானே கேட்டுக்கொள்வதற்கு அத்தகைய இடைவெளிகளே வாய்ப்பளித்தன. முடிவற்ற பக்கம் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டது.

இக்குறையை உள்ளிருந்தே சுட்டிக்காட்டியவர்களில் ட்ரிஸ்டன் ஹாரிஸ் என்பவர் குறிப்பிடத்தக்கவர். கூகுள் நிறுவனத்தில் பணியாற்றிய அவர் 2013-இல், பயனாளரின் கவனத்துக்கு மதிப்பளிக்கவேண்டும் என்று வற்புறுத்தும் ஒரு விளக்கப்படத் தொகுப்பைச் சக ஊழியருக்கு அனுப்பினார். விரல்விட்டு எண்ணத்தக்க நிறுவனங்களில் உள்ள சில வடிவமைப்பாளர்களின் தீர்மானங்கள் கோடிக்கணக்கான மக்களின் நாளைப் பங்கிடுகின்றன. ஆகவே அப்பொறுப்பை அவர்கள் உணரவேண்டும் என்பது அதன் சாரம். அது அந்நிறுவனத்துக்குள் கைக்குக் கை பரவியது. வடிவமைப்பின் அறநெறியை ஆராயும் பணி அவருக்குத் தரப்பட்டது. ஆயினும் எதிர்பார்த்த மாற்றம் வராமையால் பின்னர் அவர் விலகினார்.

2018-இல் கூகுளும் ஆப்பிளும், ஒருவர் எவ்வளவு நேரம் திரையில் செலவிட்டார் என்று கணக்குக் காட்டும் வசதியைக் கைபேசிகளிற் சேர்த்தன. கணக்குப் பார்ப்பது நல்லதே. ஆனால் செலவுக் கணக்கு எழுதுவதால் மட்டும் செலவு குறைவதில்லை என்பதை இல்லறத்தார் அறிவர். நேர வரம்பு கடந்ததும் ஓர் எச்சரிக்கை தோன்றுகிறது; அதை எளிதில் ஒதுக்கிவிடவும் முடிகிறது. பொறுப்பு முழுவதும் மறுபடியும் பயனாளரின் தலையிலேயே விழுகிறது.

இதைவிடப் பயன் தரத்தக்க வழி ஒன்று 2019-இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து தெரியவருகிறது. 237 பேரைப் பிரித்து, சிலருக்கு அறிவிப்புகள் வழக்கம்போல் உடனுக்குடன் வந்தன. சிலருக்கு நாளொன்றுக்கு மூன்று வேளை மட்டும் மொத்தமாகக் கொடுக்கப்பட்டன. சிலருக்கு அறவே நிறுத்தப்பட்டன. மூன்று வேளை பெற்றவர்கள் மன அழுத்தம் குறைந்து, கவனம் கூடி, கைபேசி தம் கட்டுக்குள் இருப்பதாக உணர்ந்தார்கள். அறவே நிறுத்தப்பட்டவர்களுக்கோ எதையோ இழக்கிறோம் என்ற தவிப்பு மிகுந்தது. துறவு வேண்டியதில்லை, தபால்காரர் வரும் வேளை நிச்சயமாக இருந்தால் வாசலை ஓயாமல் பார்க்கவேண்டியதில்லை என்பதே இதன் பொருள். 2021-இல் ஆப்பிள் தன் கைபேசிகளில் இவ்வாறு தொகுத்துத் தரும் ஏற்பாட்டைச் செய்தது. ஆனால் அது பயனாளர் தேடி இயக்கவேண்டிய ஏற்பாடு. தானாகவே அப்படி இருந்து, உடனுக்குடன் வேண்டுவோர் மாற்றிக்கொள்ளும்படி அமைத்தால் அல்லவோ மதிப்பு? ஆண்ட்ராய்டு முறையிலும் 2022-இல் வந்த பதிப்பு முதல், செயலி அறிவிப்பு அனுப்புமுன் நம் இசைவைக் கேட்கவேண்டும் என்றாயிற்று. சிறிய மாற்றந்தான், ஆனால் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருவதற்கும் தட்டாமல் நுழைவதற்கும் உள்ள வேறுபாடு அதில் இருக்கிறது.

இவை வசதியுள்ளோரின் கவலைகள் என்று எவரேனும் கருதலாம். நம் நாட்டில் நடந்த ஒன்றை அவர்களுக்கு நினைவூட்டவேண்டும். 2018 ஜூலை முதல் தேதியன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ராயின்பாடா என்னும் சிற்றூரில், பிச்சை கேட்டு ஊரூராகச் செல்லும் சமூகத்தைச் சேர்ந்த ஐவர் அடித்துக் கொல்லப்பட்டனர். பிள்ளை பிடிப்போர் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி கைபேசிகளின் வழியே பரவியிருந்தது. அவ்வாண்டில் வேறு மாநிலங்களிலும், தமிழ்நாட்டிலுங்கூட, இத்தகைய கொலைகள் நிகழ்ந்தன. வந்த செய்தியை நொடியில் நூற்றுக்கணக்கானோருக்குத் தள்ளிவிடும் வசதியை வாட்ஸ்அப் செயலி அளித்தது. படத்துக்குப் பக்கத்திலேயே அதற்கான பொத்தானும் இருந்தது. படித்து, நம்பலாமா என்று யோசிப்பதற்குள் விரல் வேலையை முடித்துவிடும்.

மத்திய அரசு அந்நிறுவனத்துக்குக் கண்டிப்பான கடிதம் எழுதியது. அதே மாதத்தில் நிறுவனம் இந்தியாவில் மட்டும் அந்தப் பொத்தானை எடுத்துவிட்டு, ஒரு செய்தியை ஒரு தடவையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்பமுடியாதபடி செய்தது. பிறர் எழுதியதை அனுப்பினால் அது அனுப்பப்பட்டது என்ற குறிப்பும் சேர்ந்து வரலாயிற்று. 2019 ஜனவரியில் ஐந்து என்னும் வரம்பு உலகெங்கும் விரிக்கப்பட்டது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவையில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்றாக்கியபின், அத்தகைய செய்திகளின் ஓட்டம் 70 சதவிகிதம் குறைந்தது என்று நிறுவனமே அறிவித்தது. இதனால் கொலைகள் நின்றன என்று சொல்வது மிகையாகும். காவல் துறையின் பணியையும் ஊராரின் பொறுப்பையும் ஒரு பொத்தான் ஏற்றுக்கொள்ளாது. ஆனால் வடிவமைப்பை மாற்ற இயலாது, மக்கள் சுபாவம் அப்படி என்ற வாதம் இங்கே வலுவிழந்துவிடுகிறது. மக்கள் அதே மக்கள்தாம், மாறியது பொத்தான்.

சட்டமும் மெல்ல இத்திசையில் நகர்ந்திருக்கிறது. வேண்டாத வியாபார அழைப்புகளை மறுக்கும் உரிமையைத் தொலைபேசி வைத்திருப்போருக்கு நம் நாடு 2007-இலேயே பதிவேடு ஒன்றின் மூலம் அளித்தது. 2023 நவம்பர் 30-ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், பயனாளரை ஏய்க்கும் வடிவமைப்புகள் 13 வகையை வரையறுத்து வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. போலி அவசரம் காட்டுவது, கேளாமலே கூடையில் பொருளைச் சேர்ப்பது, சந்தாவிலிருந்து விலகும் வழியை மறைப்பது, ஒரே வேண்டுகோளை விடாமல் கேட்டு நச்சரிப்பது ஆகியவை அவற்றுட் சில. இவை பெரும்பாலும் நம் பணத்தைக் காப்பவை. முடிவற்ற பக்கமும், கேளாமலே அடுத்தடுத்து ஓடும் படக்காட்சியும் அந்தப் பதின்மூன்றில் இடம்பெறவில்லை.