ஒரு டிக், நாலு ஆர்டர்

ஆபீஸில் பேச்செல்லாம் ஸ்லாக்கில் நடக்கிறது. கணக்கெல்லாம் வேறொரு மென்பொருளில் இருக்கிறது. ரெண்டையும் இணைப்பது பற்றிப் படித்தபோது எடுத்த குறிப்புகளில் முக்கியமானதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

வெளியிலிருந்து ஸ்லாக்குக்குச் செய்தி அனுப்புவது சுலபம். வெப்ஹூக் என்று ஒரு முகவரி கிடைக்கும். அதற்கு நாலு வரி ஜேசன் அனுப்பினால் சேனலில் செய்தி விழும், அவ்வளவுதான். ஆனா அந்த முகவரிதான் சாவி. அது யார் கையில் கிடைத்தாலும் உங்கள் சேனலில் எழுதலாம்.

சிக்கல் எதிர்த்திசையில்தான். நாற்காலி வாங்கக் கேட்டு ஒருவர் எழுதுகிறார். மேலாளர் அதன்மேல் டிக் இமோஜி போட்டதும் ஈஆர்பியில் பர்ச்சேஸ் ஆர்டர் உருவாகணும் என்று வைத்துக்கொள்வோம். டிக் விழுந்ததை ஸ்லாக் உங்கள் சர்வருக்குச் சொல்லும். 3 நொடிக்குள் 'கிடைத்தது' என்று பதில் வரணும். வரலைன்னா, போய்ச் சேரவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்பும்: உடனே ஒரு தடவை, 1 நிமிடம் கழித்து ஒரு தடவை, 5 நிமிடம் கழித்து ஒரு தடவை.

ஆர்டர் போட்டுவிட்டுத்தான் பதில் சொல்வேன் என்று உங்கள் நிரல் நின்றால், ஈஆர்பி அதற்கு 5 நொடி எடுத்துக்கொண்டால்? ஒவ்வொரு தடவையும் வேலை முடிந்திருக்கும், பதில்தான் பிந்தியிருக்கும். 20 நாற்காலி கேட்ட இடத்தில் 80 வந்து இறங்கும். ஈஆர்பியில் எந்தப் பிழைச்செய்தியும் இருக்காது. பில் வரும்போதுதான் தெரியும்.

அதனால், தகவல் வந்ததும் முதலில் கையொப்பத்தைச் சரிபார்த்து, அது ஸ்லாக் அனுப்பியதுதான் என்று உறுதிசெய்யுங்கள். உடனே பதில் சொல்லிவிட்டு, வேலையை வரிசையில் போட்டுப் பிறகு செய்யுங்கள். ஒவ்வொரு நிகழ்வோடும் ஓர் ஈவென்ட் ஐடி வரும். ஏற்கெனவே பார்த்த ஐடி என்றால் விட்டுவிடுங்கள்.

இதுவும் போதாது. மேலாளர் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி போட்டால் அது புது நிகழ்வு, புது ஐடி. எனவே அந்தக் கோரிக்கைக்கு ஏற்கெனவே ஆர்டர் போயிருக்கிறதா என்று ஈஆர்பியிலும் பார்க்கணும்.

கடைசியாக ஒன்று. சேனலில் இருக்கும் யார் வேண்டுமானாலும் டிக் போடலாம். இன்னார் போட்டார் என்றுதான் ஸ்லாக் சொல்லும். அவருக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் இருக்கிறதா என்று கேட்பது நம்ம வேலை.