இரண்டே எழுத்துகள்

1998-இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துப் பண்ணைகளில் நியூகாசில் நோய் கண்டது. நாம் வெள்ளைக்கழிச்சல் என்றும் ராணிக்கெட் என்றும் சொல்கிறோமே, அதேதான். அதன் கொடிய வடிவம் 1930-களின் தொடக்கத்துக்குப் பிறகு அங்கே தலைகாட்டியதில்லை. விமான நிலையத்தில் ஓர் ஆப்பிளைக்கூட விடாத நாடு அது. எனவே நோய் வெளியிலிருந்து நுழைந்தது என்று எண்ணுவதே இயல்பு. வைரஸின் மரபணுவைப் படித்ததும் அந்த எண்ணம் நிற்கவில்லை. வெளிநாட்டு வைரஸ்களோடு ஒத்துப்போகாத அது, ‘பீட்ஸ் ரிட்ஜ்’ என்ற சாதுவான உள்ளூர் வைரஸோடு ஏறக்குறைய அப்படியே பொருந்தியது. சுமார் 15,000 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ.வில், முக்கியமான ஓரிடத்தில் இரண்டு எழுத்துகள் மாறியிருந்தன. வைரஸ் செல்லுக்குள் நுழைய உதவும் எஃப் புரதத்தைக் கோழியின் நொதி வெட்டினால்தான் அது வேலை செய்யும். சாதுவான வைரஸுக்கு ஏற்ற நொதிகள் பெரும்பாலும் மூச்சுப்பாதையிலும் குடலிலும்தான் உண்டு. அந்த இரண்டு எழுத்துகள் மாறியதும், உடலெங்கும் இருக்கும் நொதிகளே புரதத்தை வெட்டின. நோய் எல்லா உறுப்புகளுக்கும் பரவ வழி திறந்தது.

எங்கிருந்து வந்தால் என்ன, கோழிகளைக் கொன்று புதைக்கத்தானே போகிறார்கள் என்று கேட்கலாம். கொன்று புதைப்பது இந்தப் பரவலுக்கு. அடுத்ததற்கு என்ன செய்வது? வைரஸ் உள்ளூரிலேயே உருமாறும் என்றால் துறைமுகக் காவல் எத்தனை கடுமையானாலும் பயனில்லை. ஆஸ்திரேலியா அதனால்தான் வி4 என்ற தன் சாதுவான வைரஸையே தடுப்பூசியாகக் கொடுத்து, கொடியதாக மாறக்கூடிய வைரஸுக்குப் பண்ணைகளில் இடமில்லாமல் செய்ய முனைந்தது. எழுத்துகளைப் படிக்காமல் இந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது.

வைரஸ் இருக்கிறதா என்று காட்டும் பி.சி.ஆர். சோதனை மட்டும் போதாதா? நம் பண்ணைகளில் போதாது. தண்ணீரில் கலந்து கொடுக்கும் லசோட்டா தடுப்பு மருந்தில் இருப்பது உயிருள்ள வைரஸ். பொதுவான சோதனை அதையும் நோய்க்கிருமியோடு சேர்த்தே ‘உண்டு’ என்று சொல்லிவிடும். எஃப் புரதத்தை நொதி வெட்டுமிடத்து எழுத்துகளைப் பார்த்தால் லசோட்டா தனியே தெரிந்துவிடும். ஆனால் எட்டு வாரத்துக்கு மேற்பட்ட கோழிகளுக்குப் போடும் ஆர்.டி.வி.கே. ஊசியில் உள்ள வைரஸின் வெட்டுமிடம் கொடிய வைரஸினுடையதைப் போலவே இருக்கிறது. ஆக, அந்த ஓரிடத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பெழுதுவதும் அவசரம்தான். மரபணுவை நீளமாகப் படித்துத் தடுப்பூசி வைரஸோடு ஒப்பிட்ட பிறகே, கொட்டகையில் இருப்பது ஊசியில் போன வைரஸா, புதிதாக நுழைந்ததா என்று சொல்ல முடியும்.