பிள்ளைகளின் எலும்பில் நீர்க்கட்டி

விளையாடும் சிறுவன் இலேசாகத் தடுக்கி விழுகின்றான். கையைத் தூக்க முடியவில்லை. எக்ஸ்ரேயில் தோளுக்குச் சற்றுக் கீழே எலும்பு முறிந்திருப்பதுடன், அவ்விடத்தில் எலும்பினுள் ஒரு வெற்றிடமும் தெரிகின்றது. ‘கட்டி’ என்று மருத்துவர் சொன்னதுமே பெற்றோரின் உள்ளம் புற்றுநோயை எண்ணிப் பதறுகின்றது.

எல்லாக் கட்டிகளும் புற்றுநோய் அல்ல. மெல்லிய சவ்வுக்குள் இளமஞ்சள் நீர் தேங்கியிருக்கும் எளிய நீர்க்கட்டி இது. ஜெர்மானிய மருத்துவ அறிஞர் விர்ஷோ 1876ஆம் ஆண்டிலேயே இதனை விவரித்துள்ளார். பெரும்பாலும் 20 வயதுக்குட்பட்டோருக்கே, அதிலும் ஆண் பிள்ளைகளுக்கே மிகுதியாக வருகின்றது. தோளை ஒட்டிய மேற்கை எலும்பும், இடுப்பை ஒட்டிய தொடை எலும்புமே இதன் முக்கிய இருப்பிடங்கள். இது உடலின் பிற பகுதிகளுக்குப் பரவுவதில்லை. பலருக்கு வலியே இராது. எலும்பு முறிவதே முதல் அறிகுறி.

கை எலும்பு முறிந்தால், பெரும்பாலும் தொட்டில் கட்டி ஓய்வு கொடுத்தாலே சில வாரங்களில் கூடிவிடும். ஆனால், முறிவு கூடியதும் கட்டியும் மறைந்துவிடும் என எண்ணுதல் கூடாது. ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கே அவ்வாறு நேர்கின்றது. சிறு கட்டியாயின், குறித்த இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்துக் கண்காணிப்பதே போதுமானது. உடல் தாங்கும் தொடை எலும்பின் நிலை வேறு. அங்கு முறிவு ஏற்பட்டால் கால் வளையவோ குட்டையாகவோ கூடுமாதலால், முன்கூட்டியே அறுவை செய்து கம்பியோ தகடோ பொருத்துவதுண்டு.

கட்டியினுள் ஸ்டீராய்டு மருந்தை ஊசி மூலம் செலுத்தும் முறையை இத்தாலிய மருத்துவர் ஸ்காலியேட்டி 1979இல் வெளியிட்டார். பின்னர் எலும்பு மஜ்ஜையைச் செலுத்தும் முறையும் வந்தது. இவ்விரண்டையும் ஒப்பிட்டு 2008இல் வெளியான ஆய்வில், ஸ்டீராய்டு பெற்றவர்களில் 42 விழுக்காட்டினரும், மஜ்ஜை பெற்றவர்களில் 23 விழுக்காட்டினருமே குணமடைந்தனர். ஆகவே, ஓர் ஊசியோடு முடிந்துவிடும் என்று எதிர்பார்த்து மனமுடைதல் வேண்டாம். கட்டியைச் சுரண்டி எலும்புத்துகளால் நிரப்புதல், வளையும் கம்பியை எலும்பினுள் செலுத்துதல் ஆகிய முறைகளும் உள்ளன. எம்முறையிலும் கட்டி மீண்டும் தோன்றக்கூடும். கட்டி எலும்பின் வளர்ச்சித் தட்டை ஒட்டியிருந்தால், அத்தட்டு பழுதுபடாதவாறு காப்பது அறுவை மருத்துவரின் முதற்கவலையாகும்.

இரத்தம் நிறைந்த மற்றொரு வகைக் கட்டியும் உண்டு. அதுவும் புற்றுநோய் அன்று. எனினும் விரைந்து பெருக்கும். வீக்கமோ, இரவில் உறக்கம் கெடுக்கும் வலியோ இருப்பின் தாமதமின்றி மருத்துவரை நாடுங்கள்.

காரணம் தெரியாத கைவலிக்கு எண்ணெய் பூசி அழுத்தி உருவுவதைத் தவிருங்கள். மெலிந்த எலும்பு அதனாலேயே முறியலாம். ‘கட்டி எவ்வளவு பெரியது? எலும்பின் சுவர் எவ்வளவு மெலிந்துள்ளது? எந்த விளையாட்டுகள் கூடாது?’ என மருத்துவரிடம் கேட்டறிந்து, பள்ளி ஆசிரியருக்கும் தெரிவியுங்கள். வளர்ச்சி முடிந்தபின் இக்கட்டிகள் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன. அதுவரை பிள்ளையை அச்சுறுத்தாமலும், எக்ஸ்ரே எடுக்க வேண்டிய நாள்களைத் தவறவிடாமலும் பார்த்துக்கொள்வது பெற்றோரின் பொறுப்பாகும்.