பாதி எஞ்சினோடு மலையேறும் குட்டி யானை

ஒண்டிக்கடை என்ற பெயரில்தான் ஒற்றைக் கடை இருக்கிறது. ஏற்காட்டின் அந்தச் சந்திப்பில் கொஞ்ச நேரம் நின்றால், சேலத்திலிருந்து ஏறிவரும் வண்டிகளைத் திரும்பிப் பார்க்காமலே இன்னது என்று சொல்லிவிடலாம். அவற்றில் தனித்துக் கேட்பது பழைய டீசல் குட்டி யானையின் 'டபடப'. காரணம், அதிலிருப்பது பாதி எஞ்சின்.

பேச்சுக்குச் சொல்லவில்லை. 1998இல் டாடா கொண்டுவந்த இண்டிகா காரின் டீசல் எஞ்சின் நான்கு சிலிண்டர், 1405 சிசி. பிறகு, சரக்கு ஆட்டோக்காரர்களை நான்கு சக்கரத்துக்கு இழுக்கும் ஒரு சின்ன லாரியைச் செய்ய கிரீஷ் வாக் தலைமையிலான குழு இறங்கியது. விலை ஏறக்கூடாது. எனவே இண்டிகா எஞ்சினில் இரண்டு சிலிண்டர்களைக் கழித்துவிட்டார்கள். மிஞ்சியது 702 சிசி, 16 குதிரைத்திறன். 2005 மே மாதம் 'ஏஸ்' வந்தது. குட்டி யானை என்று பெயர் வைத்தது ஜனங்கள்.

நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை டீசல் வெடிக்கும்; இதில் ஒரே முறை. அந்த இடைவெளிதான் காதுக்கு 'டபடப'. ஓட்டுநருக்கு அது இருக்கையில் அதிர்வு, கிளட்சுக்கும் பற்சக்கரங்களுக்கும் ஓயாத அடி.

கியர்பாக்ஸையும் அப்படியே எடுத்துக்கொள்ள வழியில்லை. இண்டிகாவில் எஞ்சின் குறுக்காகப் படுத்து முன்சக்கரங்களைச் சுழற்றும். ஏஸில் அது இருக்கைக்கு அடியில் நீளவாக்கில் இருந்து பின்சக்கரங்களைத் தள்ள வேண்டும். முதலில் வந்த ஏஸுக்கு முன்னோக்கி நான்கு கியர்கள்தான்.

16 குதிரைத்திறனுக்கு ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகள் கட்டுப்படியாகுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முழுச் சரக்கோடு வண்டி 1,550 கிலோ. நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 20 கிலோமீட்டரில் ஏற, டயர் உராய்வையும் சேர்த்து, சுமார் 10 குதிரைத்திறன் போதும். அதே ஏற்றத்தில் 40இல் போக நினைத்தால் 20 வேண்டும். அது இதனிடம் இல்லை. ஆக, பின்னால் வரும் கார்க்காரர் எத்தனை முறை ஹாரன் அடித்தாலும் பயனில்லை. மெதுவாகப் போகச் சம்மதித்தால் சின்ன எஞ்சினும் மலையேறும். அந்தச் சம்மதத்தை வாங்கித் தருவது கியர். எஞ்சின் பல சுற்றுச் சுற்றிச் சக்கரத்தை ஒரு சுற்று நகர்த்தும். வேகம் குறைகிற அளவுக்கு இழுவை கூடும்.

இப்படி ஓரிடத்து எஞ்சினை இன்னோரிடத்து வண்டியில் பூட்டுவது நமக்குப் புதிதல்ல. மலைப்பாதைகளில் ஓடிய மஹிந்திரா ஜீப்பின் உடம்பு அமெரிக்காவின் வில்லிஸ். 1980களில் அதற்குள் போனது பிரான்ஸின் பெஜோ டீசல் எஞ்சின். எக்ஸ்டிபி 4.90 என்ற அதன் பெயரிலேயே ஜாதகம் இருக்கிறது: நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றின் உள்விட்டமும் 90 மில்லிமீட்டர். கொள்ளளவு 2112 சிசி.

வில்லிஸின் பெட்ரோல் எஞ்சினுக்கு மூன்று கியர் போதுமானதாக இருந்தது. டீசல் அடிமட்டச் சுற்றிலேயே நன்றாக இழுக்கும், ஆனால் பெட்ரோலைப் போல எகிறிச் சுற்றாது. கியருக்கும் கியருக்கும் இடைவெளி அகலமானால், ஏற்றத்தில் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றியதும் சுற்று சரிந்து வண்டி திணறும். எம்எம் 540 ஜீப்பில் பெஜோ எஞ்சினுக்குத் துணையாக நான்கு கியர் வந்ததன் அருமை ஏற்றத்தில்தான் தெரியும். என்னைக் கேட்டால், ஜீப்பின் புகழில் பாதி அந்தக் கியர்பாக்ஸுக்குச் சேர வேண்டியது, யாரும் கொடுப்பதில்லை.

இறக்கத்தில் கியரின் வேலை தலைகீழ். இப்போது சக்கரம்தான் எஞ்சினைச் சுழற்றுகிறது. சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் பாடும் உராய்வும் வண்டியைப் பின்னால் பிடித்து இழுக்கின்றன. ஏறிய கியரிலேயே இறங்கு என்று மலை ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான். நியூட்ரலில் விட்டால் பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். சூடேறிய பிரேக் பிடிக்காது. அடிவாரத்தில் கருகல் வாடையோடு ஓரங்கட்டி நிற்பவை பெரும்பாலும் மலைக்குப் புதிதாக வந்த கார்கள். காலி டிரேக்களோடு இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு குட்டி யானை அவற்றைக் கடந்து சேலத்துக்குப் போகிறது.