யாருக்கு எந்தச் சாவி?

பள்ளிக் கணினிக்கூடத்தில் உள்ள ஒரு கணினியைக் காலையில் மாணவர் ஒருவர் பயன்படுத்துகிறார். பிற்பகலில் ஆசிரியர் பயன்படுத்துகிறார். கணினி ஒன்றுதான். ஆனால், மாணவருக்குத் தம்முடைய கோப்புகள் மட்டுமே தெரிகின்றன. ஆசிரியருக்கோ வகுப்பின் மதிப்பெண் பட்டியலும் தெரிகிறது. புதிய மென்பொருளை நிறுவ இருவராலும் முடிவதில்லை. இந்த வேறுபாட்டை உண்டாக்குவது பயனர் கணக்கு.

ஒருவர் தம் கணக்கில் நுழையும்போது கணினி இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுகிறது. ‘இவர் யார்?’ என்பது முதல் கேள்வி. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அதற்கு விடை தருகின்றன. ‘இவர் எதையெல்லாம் செய்யலாம்?’ என்பது இரண்டாம் கேள்வி. அதற்கான விடையைப் பயனர் தருவதில்லை. கணினி நிர்வாகி முன்கூட்டியே அமைத்து வைத்திருக்கிறார். பலரும் கடவுச்சொல்லைப் பற்றியே கவலைப்படுகின்றனர். உண்மையில், இரண்டாம் கேள்விக்குச் சரியான விடையை அமைப்பதுதான் கடினமான வேலை.

ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுமதி வழங்கிக்கொண்டிருக்க இயலாது. ஆகவே, நிர்வாகி மாணவர், ஆசிரியர், அலுவலர் எனக் குழுக்களை உருவாக்கி, குழுவுக்கே அனுமதியை வழங்குகிறார். புதிதாக வருபவரை உரிய குழுவில் சேர்த்தால் போதும். வேலைக்குத் தேவையான அனுமதியை மட்டுமே ஒருவருக்கு வழங்க வேண்டும் என்பது இத்துறையின் அடிப்படை விதி. இதற்கு நிர்வாகியும் விலக்கல்லர். மின்னஞ்சல் படிப்பது போன்ற அன்றாட வேலைகளுக்கு அவரும் சாதாரணக் கணக்கையே பயன்படுத்த வேண்டும். நிர்வாகிக் கணக்கில் இருக்கும்போது தீய நிரல் ஒன்று நுழைந்துவிட்டால், அவருடைய அதிகாரம் முழுவதும் அதன் கைக்குப் போய்விடும்.

கணக்கைத் தொடங்குவது எளிது; முடிப்பதில்தான் கவனம் தேவை. ஒருவர் வேலையை விட்டுச் சென்றதும் அவருடைய கணக்கை உடனே அழித்துவிடுவது சரியெனத் தோன்றலாம். ஆனால், விண்டோஸ் போன்ற இயங்குதளங்கள் கணக்கைப் பெயரால் அடையாளம் காண்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் உரிய தனி எண்ணால் அடையாளம் காண்கின்றன. அழித்த கணக்கை அதே பெயரில் மீண்டும் உருவாக்கினாலும் பழைய அனுமதிகள் திரும்பி வரமாட்டா. அதனால், அனுபவமுள்ள நிர்வாகிகள் கணக்கை முதலில் முடக்கிவிட்டு, கோப்புகளை உரியவரிடம் ஒப்படைத்த பின்னரே அழிக்கின்றனர். முடக்கவும் மறந்த கணக்கோ பூட்டாத பின்கதவைப் போன்றது.

இத்தகைய கவனக்குறைவின் விளைவைச் சிங்கப்பூர் 2018ஆம் ஆண்டில் கண்டது. சிங்ஹெல்த் சுகாதாரக் குழுமத்தின் கணினிக் கட்டமைப்பில் ஊடுருவியவர்கள், ஏறத்தாழ 1.5 மில்லியன் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த தேதி முதலியவற்றைத் திருடினர். சுமார் 160,000 பேருக்கு வழங்கப்பட்ட மருந்துகளின் விவரங்களும் களவு போயின. அவர்களுள் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கும் ஒருவர்.

விசாரணைக் குழு தன் அறிக்கையை 2019 ஜனவரியில் வெளியிட்டது. ஊடுருவியவர்கள் கைதேர்ந்தவர்கள், ஆயினும் அவர்களுடைய வெற்றி தவிர்க்க முடியாத ஒன்றன்று என அக்குழு கருதியது. அவர்களுக்கு உதவியவற்றுள் ஒன்று, அன்றாட வேலைக்குப் பயன்படாத ஒரு நிர்வாகிக் கணக்கு. அதன் கடவுச்சொல்லோ ‘பாஸ்வேர்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லேதான்! ‘ஏ’ எழுத்துக்குப் பதிலாக @ குறியும் ‘ஓ’ எழுத்துக்குப் பதிலாகச் சுழியமும் இடப்பட்டிருந்தன. இப்படி எழுத்தை மாற்றுவது பலருக்கும் தெரிந்த பழைய உத்தி. ஊடுருவுவோர் முதலில் முயன்று பார்ப்பதும் அதைத்தான். சம்பவத்துக்காகச் சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும், அதன் கணினிக் கட்டமைப்பை நிர்வகித்த நிறுவனத்துக்கு 750,000 வெள்ளியும் அபராதமாக விதிக்கப்பட்டன.

நிர்வாகியின் மற்றொரு பணி வெளியில் அதிகம் தெரிவதில்லை. யார், எப்போது, எந்தக் கோப்பைத் திறந்தார் என்பதைக் கணினி பதிவு செய்துகொண்டே இருக்கும். ஒருவர் அதைக் கவனித்தால்தான் பயன் உண்டு. சிங்ஹெல்த் தரவுகள் ஜூன் 27ஆம் தேதியிலிருந்து வெளியேறிக்கொண்டிருந்தன. ஜூலை 4ஆம் தேதி, தரவுத்தளத்தில் வழக்கத்துக்கு மாறான தேடல்கள் நடப்பதை அதன் நிர்வாகிகளுள் ஒருவர் கவனித்து, அவற்றை நிறுத்தினார். திருட்டு அன்றோடு நின்றது.