வராந்தாவில் ஒரு பள்ளிக்கூடம்

சென்ற மாதம் நம் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் அன்பர் ஒருவர் எழுந்து, "நம் பிள்ளைகள் வங்காளம் பேசுகிறார்கள், இந்தி பேசுகிறார்கள், ஆங்கிலம் எழுதுகிறார்கள், தமிழில் தம் பெயரை எழுதச் சொன்னால் மட்டும் விழிக்கிறார்கள். இதற்கு என்ன வழி?" என்று கேட்டார். கூட்டத்தில் ஒரு நிமிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கேள்வி ஒவ்வொருவர் வீட்டையும் பற்றியதாக இருந்ததே காரணம். அப்போது காரியதரிசி அவர்கள் என்னைப் பார்த்து, "உங்கள் அடுத்த வீட்டில் நடப்பதை நம் பத்திரிகைக்கு எழுதிக் கொடுங்களேன்" என்றார். ரயில்வே கணக்குப் புத்தகங்களையன்றி வேறொன்றும் எழுதிப் பழகாதவன் நான். படிப்பும் மெட்ரிகுலேஷனோடு நின்றது. ஆயினும் கண்ணால் கண்டதைச் சொல்வதற்குப் பெரும் புலமை வேண்டியதில்லை என்ற துணிவில் எழுதுகிறேன்.

கரக்பூர் ரயில்வே குடியிருப்பில் எங்கள் வீட்டை ஒட்டிய வீட்டில் இருப்பவர்கள் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பத்தினர். அண்ணாச்சி ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கிறார். அவர் மனைவியை நாங்கள் அக்கா என்றே அழைப்போம். மணமாகி வடக்கே வருமுன் பாளையங்கோட்டையில் சில ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவர். பிள்ளைகள் இருவர், மகனுக்கு வயது பன்னிரண்டு, மகளுக்கு ஒன்பது. இவ்விருவரும் மூன்று ஆண்டுகளாகப் பள்ளிக்கூடம் செல்வதில்லை. வீட்டு வராந்தாவே அவர்களுக்குப் பள்ளிக்கூடம்.

இதைக் கேட்டவுடன் முகம் சுளிப்போர் உண்டு. நானும் முதலில் அவ்வாறே சுளித்தவன்தான். ஆகவே, அவர்கள் இம்முடிவுக்கு வந்த விதத்தை முதலில் சொல்ல வேண்டும்.

பையன் எழுத்துக் கூட்டிப் படிப்பதில் மெதுவானவன். அவன் படித்த பள்ளியில் அவனைக் கடைசி வரிசையில் அமர்த்தினார்கள்; மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். திங்கட்கிழமை தோறும் விடியும்போதே அவனுக்கு வயிற்றுவலி வந்துவிடும். மாலையில் டியூஷன், இரவில் வீட்டுப்பாடம். இந்நிலையில் ஊரில் அண்ணாச்சியின் தந்தையார் காலமானார். அவர் அறுபது ஆண்டுகள் கைவிடாமல் வாசித்த தமிழ் வேதாகமம் மகனிடம் வந்து சேர்ந்தது. அதன் முன்பக்கத்தில் குடும்பத்தின் பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், மரணம் யாவும் பெரியவரின் கையெழுத்திலேயே வரிசையாக எழுதப்பட்டிருந்தன. கடைசி இரண்டு வரிகள் பேரப்பிள்ளைகளின் பெயர்கள். அப்பக்கத்தை மகனிடம் காட்டி, "இதில் உன் பெயர் எங்கே இருக்கிறது, சொல்" என்றாராம் அக்கா. பையன் நெடுநேரம் பார்த்துவிட்டு, தாத்தாவின் மரணச் செய்தியை அண்ணாச்சி அன்றுதான் எழுதியிருந்த வரியைத் தொட்டுக் காட்டினானாம்.

"அன்றிரவு நாங்கள் இருவரும் உறங்கவில்லை, தம்பி. எங்கள் பிள்ளை பள்ளியிலும் படிக்கவில்லை, வீட்டிலும் படிக்கவில்லை என்று தெரிந்துபோயிற்று" என்றார் அக்கா.

இனி, அந்த வராந்தாவில் நடப்பதைச் சொல்கிறேன். காலை ஏழு மணிக்கு ஜெபம்; ஒரு சங்கீதத்தைப் பிள்ளைகள் முறை வைத்துத் தமிழில் வாசிக்கிறார்கள். எட்டிலிருந்து பத்து வரை கணக்கு. பத்தரைக்கு மேல் ஆங்கிலமும் அறிவியலும். நண்பகல் உணவுக்குப் பின் தமிழ். மாலையில் குடியிருப்பிலுள்ள பிள்ளைகளுடன் விளையாட்டு. கணக்கில் அளவை என்ற பகுதி வந்தால் அரிசியும் பருப்பும் தராசும் வெளியே வரும். அஞ்சலகத்துக்கும் காய்கறிக் கடைக்கும் பிள்ளைகளே போய்க் கணக்குச் சொல்ல வேண்டும்.

தமிழ் எழுத்துகளைத் தாம்பாளத்தில் மணல் பரப்பி விரலால் எழுதியே தொடங்கினார்கள். இதற்கு அக்கா ஒரு வரலாறு சொன்னார். 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார், சிறு பிள்ளைகளோடு பிள்ளையாய்த் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதியே தமிழ் கற்றாராம். பின்னர் 1715இல் அவரது தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்தது. "அயல்நாட்டார் ஒருவருக்கு மணலில் வந்த தமிழ், நம் பிள்ளைக்கு வராதா?" என்பது அக்காவின் கேள்வி. வந்தது. பள்ளியில் கடைசி வரிசையில் அமர்ந்த பையன் ஆறு மாதத்தில் தாத்தாவின் பக்கத்தை முழுதும் வாசித்தான். அவசரப்படுத்துவோர் இல்லாததால் அவனுடைய மெதுவும் ஒரு குறையாகத் தோன்றவில்லை.

மாதம் ஒருமுறை அவர்கள் வெளியே புறப்படுவார்கள். முதல் பயணம் தொலைதூரம் அன்று. நம் கரக்பூர் ரயில் நிலையந்தான். இங்குள்ள நடைமேடையின் நீளம் 1,072.5 மீட்டர். நெடுங்காலம் உலகிலேயே நீளமானது என்று பெயர் பெற்றிருந்தது. 2013இல் கோரக்பூரும் 2023இல் ஹூப்ளியும் அதனை முந்திவிட்டன. ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் நடைமேடைச் சீட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பையனை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்க வைத்தார் அண்ணாச்சி. 1,950 அடிகள் வந்தன. "அப்படியானால் உன் ஓர் அடி எத்தனை சென்டிமீட்டர்?" என்று கேட்டார். பையன் தரையிலேயே உட்கார்ந்து வகுத்து, "ஐம்பத்தைந்து" என்றான். அதுமுதல் தெருவையும் மைதானத்தையும் அவன் தன் காலாலேயே அளந்து வருகிறான்.

சென்ற குளிர்காலத்தில் செராம்பூருக்குச் சென்றபோது நானும் என் பத்து வயது மகளும் உடன் சென்றோம். ஹவுராவில் இறங்கி, வண்டி மாறி ஏறியதும் அண்ணாச்சி பாடத்தைத் தொடங்கிவிட்டார். நாங்கள் சென்ற தடமே கிழக்கிந்தியாவின் முதல் ரயில் தடம். 1854 ஆகஸ்டு 15ஆம் நாள் ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு முதல் வண்டி ஓடியது. தென்னாட்டின் முதல் பயணிகள் வண்டி இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு 1856 ஜூலை முதல் நாளில்தான் புறப்பட்டது. ரயில்வேயில் இத்தனை காலம் வேலை பார்த்தும் இவ்விரு தேதிகளையும் நான் அன்றுதான் அறிந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

செராம்பூர் ஒரு காலத்தில் டென்மார்க் அரசுக்கு உரியது. இங்கிலாந்தில் செருப்புத் தைக்கும் தொழில் செய்த வில்லியம் கேரி 1793இல் வங்காளத்துக்கு வந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் எல்லைக்குள் பாதிரிமார் பணிசெய்ய இடங்கொடாமையால், 1800இல் டேனியர் கொடி பறந்த இவ்வூருக்கு வந்து அச்சுக்கூடம் நிறுவினார். நம் தரங்கம்பாடியும் டேனியருடையதே. இரண்டு ஊர்களையும் 1845இல் அவர்கள் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். கடற்கரையோரத்து ஊருக்கும் ஹூக்ளிக் கரை ஊருக்கும் இப்படியொரு உறவு!

1812 மார்ச் 11ஆம் நாள் அவ்வச்சுக்கூடம் தீப்பற்றி எரிந்த கதையை அக்கா சொல்லப் பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். காகிதமும் எழுத்துகளும் கேரி ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்த அகராதிக் கையெழுத்துப் பிரதியும் அழிந்தன. ஆனால் எழுத்து வார்க்க உதவும் எஃகு அச்சுகள் சாம்பலுக்குள் அழியாமல் கிடந்தன. அவற்றைக் கொண்டு மீண்டும் எழுத்துகளை வார்த்தார்கள். 1818இல் தொடங்கப்பட்ட செராம்பூர் கல்லூரியின் தூண்களுக்கு முன்னே நின்று, "நம் ஊர்ப் பாதிரியாரின் பட்டம் இங்கிருந்துதான் வந்தது" என்று அண்ணாச்சி காட்டினார். பட்டம் வழங்கும் உரிமையை 1827இல் டென்மார்க் அரசர் இக்கல்லூரிக்கு அளித்தாராம். பிறகு படகில் ஹூக்ளியைக் கடந்து பாரக்பூருக்குப் போய்த் திரும்பினோம்.

மறுநாள் சிப்பூர் தாவரவியல் தோட்டம். 1787இல் ராபர்ட் கிட் என்பவர் அமைத்தது. அங்குள்ள பெரிய ஆலமரத்துக்கு வயது இருநூற்றைம்பதுக்கும் மேல். அதன் அடிமரம் பூஞ்சணத்தால் கெட்டு, 1925இல் வெட்டி நீக்கப்பட்டது. விழுதுகளே மரமாகி இன்றும் பரந்து நிற்கின்றன. அக்காவின் மகள், "அம்மா, தாய்மரம் எது?" என்று சுற்றிச் சுற்றித் தேடினாள். "அது இப்போது இல்லை. ஆனால் ஒவ்வொரு விழுதும் தானே மண்ணைப் பற்றிக்கொண்டதால் மரம் பிழைத்தது" என்றார் தாயார்.

அங்கேதான் எனக்கு ஒரு தலைகுனிவு நேர்ந்தது. வழியெல்லாம் வங்காளப் பலகைகளை மடமடவென்று வாசித்து எங்களுக்கு வழி சொன்னவள் என் மகளே. மரத்தடியில் அமர்ந்ததும் அக்கா பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, அன்று கண்டதைத் தமிழில் இரண்டு வரி எழுதச் சொன்னார். அவ்விருவரும் குனிந்து எழுதத் தொடங்கினார்கள். என் மகள் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி எழுந்து போனவள், நெடுநேரம் திரும்பவில்லை. போய்ப் பார்த்தேன், ஒரு விழுதுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். "அப்பா, எனக்கு ஏன் சொல்லித் தரவில்லை?" என்று கேட்டாள். அலுவலகத்தில் வேலை மிகுதி என்று ஊருக்கெல்லாம் சொல்லிவந்த பதிலை அவளிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை.

நிற்க. இம்முறையில் குறையே இல்லை என்று எழுதினால் அது உண்மையாகாது. முதல் ஆண்டில் பையன் கணக்கில் பின்தங்கினான். அண்ணாச்சி பணிமனையிலிருந்து களைத்து வந்த பின்னும் இரவில் உட்கார்ந்து கற்பிக்க நேர்ந்தது. அக்கா வேறு உத்தியோகம் தேடும் எண்ணத்தை விட்டுவிட்டார். ஒருவர் சம்பளத்தில் குடும்பம் நடக்கிறது. மகளுக்குத் தோழிகள் இல்லையே என்ற ஏக்கம் வந்தது. சனிக்கிழமைகளில் மற்ற வீட்டுப் பிள்ளைகளையும் அழைப்பது அதனால் வந்த வழக்கமே. ஊரிலுள்ள உறவினர் சிலர், "பிள்ளைகளின் வாழ்வோடு விளையாடுகிறீர்கள்" என்று கடிந்து பேசிப் போக்குவரத்தையே நிறுத்திக்கொண்டார்கள்.

தேர்வைப் பற்றிப் பலரும் கேட்பதால் அதனையும் சொல்லிவிடுகிறேன். 1989இல் மத்திய அரசு தொடங்கிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இதற்கு வழி செய்கிறது. அடிப்படைக் கல்வியில் 3, 5, 8 வகுப்புகளுக்கு இணையான மூன்று படிகள் உண்டு. பதினான்கு வயது நிரம்பியோர் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வுக்குப் பதிந்துகொள்ளலாம். ஐந்து பாடங்கள் தேற வேண்டும். அவற்றுள் ஒன்றாகத் தமிழையும் எடுக்கலாம். ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகள் தருகிறார்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வி கட்டாயம் என்கிறது; வீட்டுக் கல்வியைப் பற்றித் தனி விதி அதில் இல்லை. ஆதலால் இவ்வழியில் இறங்க நினைப்போர் நன்கு விசாரித்த பின்னரே இறங்க வேண்டும். அண்ணாச்சியின் மகன் இன்னும் இரண்டு ஆண்டுகளில் அத்தேர்வுக்குப் பதிய இருக்கிறான். அதுவரை அவ்வீட்டில் கவலையும் இருக்கத்தான் செய்யும்.

எல்லோரும் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. என் மகள் பள்ளிக்குச் சென்றுகொண்டுதான் இருக்கிறாள். ஆனால் கணக்கையும் ஆங்கிலத்தையும் கற்பிக்க இவ்வூரில் ஆயிரம் பேர் உண்டு. தமிழைக் கற்பிக்கத் தாய் தந்தையரை விட்டால் ஒருவரும் இல்லை. இதனை அக்குடும்பத்தாரிடமிருந்து நான் கற்றுக்கொண்டேன். இப்போது இரவு எட்டு மணி முதல் எட்டரை மணி வரை எங்கள் வீட்டில் தொலைக்காட்சியும் கைபேசியும் ஓய்வெடுக்கின்றன. சனிக்கிழமை மாலை அவள் அடுத்த வீட்டு வராந்தாவுக்குச் செல்கிறாள். இப்போது அங்கே ஏழு பிள்ளைகள் வருகிறார்கள். நான்கு பேர் இந்து வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு ஆத்திசூடியும் நாலடியாரும் அக்காவே சொல்லித் தருகிறார்.

சென்ற பொங்கலுக்கு என் மகள் கும்பகோணத்திலுள்ள தன் பாட்டிக்கு முதல்முறையாக ஒரு கடிதம் எழுதினாள். பத்து வரிகள், லகர, ளகர, ழகரங்கள் இடம் மாறிக் கிடந்தன. திருத்தித் தருகிறேன் என்றேன், தர மறுத்துவிட்டாள். பத்து நாள் கழித்துப் பாட்டியின் பதில் வந்தது. கை நடுங்கி எழுதிய பெரிய எழுத்துகள். பிழையான ஐந்து சொற்களைத் திருத்தமாக எழுதி, ஒவ்வொன்றையும் மும்முறை எழுதி அனுப்பும்படி கட்டளையிட்டிருந்தார். "அடுத்த கடிதம் எப்போது?" என்றும் கேட்டிருந்தார்.

இதனை நான் எழுதிக்கொண்டிருக்கும் இந்நேரம், அவள் அடுத்த அறையில் 'வாழைப்பழம்' என்ற சொல்லை மூன்றாம் முறையாக எழுதிக்கொண்டிருக்கிறாள். நம் அன்பர்கள் தத்தம் வீட்டிலும் இன்றே அந்த அரைமணி நேரத்தைத் தொடங்குவார்களாக. பழைய தமிழ்ப் பாடப்புத்தகங்கள் வைத்திருப்போர் அவற்றைச் சங்க நூலகத்தில் சேர்ப்பித்தால், அவை சனிக்கிழமைதோறும் வராந்தாவுக்கு வந்து சேரும்.