ஆணையிடாமல் இசையச் செய்யும் ஆற்றல்

ஆணையிட முடியாத இடத்திலும் ஒருவருடைய சொல்லைப் பிறர் மனமொப்பி ஏற்பதே செல்வாக்கு எனப்படுகிறது. அதை அதிகாரத்தோடு சேர்த்தே எண்ணிப் பழகியதால், பதவி உயர்ந்தால் செல்வாக்கும் தானே வளரும் என்ற கருத்து அலுவலகங்களில் வேரூன்றியிருக்கிறது. 1959-இல் ஜான் பிரெஞ்ச், பெர்ட்ராம் ரேவன் என்னும் சமூக உளவியலாளர்கள், ஒருவர் மற்றவரை இசையச் செய்வதற்கான அடிப்படைகளை ஐந்தாக வகுத்தனர். அவற்றுள் பரிசளிக்கும் திறனும் தண்டிக்கும் திறனும் பதவிவழி உரிமையும் பெரும்பாலும் நிறுவனம் தருபவை என்பதால், நாற்காலியை விட்டு எழும்போது அவையும் நீங்கிவிடுகின்றன. எஞ்சியவை துறையறிவும், ஒருவரை முன்மாதிரியாகக் கொண்டு அவரைச் சார்ந்திருக்கப் பிறர் விரும்புவதால் பிறக்கும் ஈர்ப்பும் ஆகும்; தனிமனித வலிமை என்று சொல்லத்தக்கவை இவ்விரண்டே.

காமராசரின் அரசியல் வாழ்வு இதற்குத் தெளிவான சான்று. 1954-இல் சென்னை மாநிலக் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைமைக்குத் தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட சி. சுப்பிரமணியத்தையும், அவருக்குத் துணைநின்ற பக்தவத்சலத்தையும், வென்று முதலமைச்சரான அவர் தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார்; ஒதுக்கியிருந்தால் எதிரணியாகவே நின்றிருக்கக்கூடிய அவர்கள், ஆட்சியின் தூண்களாயினர். மூத்த தலைவர்கள் ஆட்சிப் பொறுப்பை விட்டுக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்ற திட்டத்தை முன்வைத்து, 1963-இல் தாமே முதலமைச்சர் பதவியைத் துறந்தார். மறுஆண்டு மே மாதம் பிரதமர் நேரு மறைந்தபோது, காங்கிரஸ் தலைவராக இருந்த அவர், அடுத்த பிரதமர் குறித்துக் கட்சியினரிடம் கருத்துகளைக் கேட்டறிந்து, பெரும்பான்மையோரின் நாட்டம் லால் பகதூர் சாஸ்திரியின் பக்கம் இருப்பதை உணர்த்தினார். மொரார்ஜி தேசாய் விலகிக்கொள்ள, தேர்வு ஒருமனதாக முடிந்தது. தாமே துறந்து காட்டியவர் என்பதால்தான், பதவி குறித்த அவருடைய சொல்லுக்கு அத்தனை எடை இருந்தது.

சிறுபான்மையினராக நிற்பவர்களுக்கும் செல்வாக்கு வாய்ப்பது உண்டு. 1969-இல் செர்ஜ் மாஸ்கோவிச்சி குழுவினர் நடத்திய சோதனையில், ஆறு பேர் குழுவில் ஏற்பாட்டின்படி அமர்ந்த இருவர், நீல நிற ஸ்லைடுகளைத் தொடர்ந்து பச்சை என்றே கூறியபோது, மற்றவர்களின் விடைகளில் ஏறத்தாழ 8 சதவீதம் பச்சையாயின. அவ்விருவரும் மாற்றி மாற்றிக் கூறியபோது அது 1 சதவீத அளவுக்குச் சுருங்கியது. பொய்யான கூற்றுக்கே உறுதிப்பாடு இவ்வளவு வலுவூட்டுமெனில், உண்மையைப் பேசுவோர் தடுமாறக் கூடாது என்பதோடு, கேட்போர் விழிப்பாக இருக்க வேண்டும் என்பதும் தெளிவாகிறது.

பதவி தரும் வலிமைக்கும் தனிமனித வலிமைக்கும் உள்ள வேறுபாடு குடும்பத்தில் இன்னும் கூர்மையானது. பிள்ளைகள் வளர்ந்து சொந்த வருமானம் பெற்றபின் பரிசும் தண்டனையும் பயனற்றுப்போக, அதுவரை பெற்றோர் ஈட்டிய நம்பிக்கை மட்டுமே எஞ்சுகிறது. அந்த நம்பிக்கையைக் குலைப்பதால், உண்மையை மறைத்துக் காரியம் சாதிப்பது செல்வாக்கு ஆகாது, அது ஏமாற்று. எனவே, எதிர்த்தவர்களையும் சேர்த்துக்கொண்ட காமராசரை நினைவிற்கொண்டு, புதிதாகப் பொறுப்பேற்பவர்கள், முதல் கூட்டத்தைக் கூட்டுவதற்கு முன்பே, தம் தேர்வை விரும்பாதவர்களைத் தனித்தனியே சந்தித்து, அவர்கள் சொல்வதை முழுமையாகக் கேட்க வேண்டும்.